சின்ன அடியும் பெரிய அடியும்

பிப்ரவரி 2, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். அழகுக்காக எதையும் சேர்க்க மாட்டேன். வெட்கமாக இருக்கிறதே என்று எதையும் விடவும் மாட்டேன். போன வருட நோட்டில் மழையே பெய்யாத நாட்களில்கூட நன்றாக மழை பெய்கிறது. ஓரிடத்தில் நான் ஜன்னலோரம் நின்று அழுகிறேன். உண்மையில் அன்றைக்கு எனக்குப் பல்வலி, அவ்வளவுதான்.

காலையில் அப்பாவுக்கும் சித்திக்கும் வழக்கமான சண்டை. சிரிப்புச் சண்டைதான். எங்கள் குடா ஒரு பை மாதிரி இருக்கும்: வாய் குறுகல், உள்ளே அகலம், அடிப்பக்கம் ஆழமே இல்லை. பையின் வாயில் புதிதாக இறங்குதுறை கட்டுகிறார்கள். பையின் அடியில் எங்கள் பள்ளிக்கூடம். இறங்குதுறைக்காகக் கடலுக்குள் இரும்புத் தூண்களை அடித்து இறக்கும் ஹேமரை ஓட்டுவது அப்பா. சித்தி அம்மாவின் தங்கை, எங்களோடு இருக்கிறாள். கடல் விலங்குகளைப் பற்றிப் படித்துவிட்டு அதே இடத்தில் கண்காணிப்பு வேலையில் சேர்ந்திருக்கிறாள். தூண் அடிக்கும் இடத்தைச் சுற்றி மிதவைகளை வட்டமாகக் கட்டியிருக்கிறார்கள். வட்டத்துக்குள் ஓங்கில் தெரிந்தால் சித்தி சிவப்புக் கொடி காட்டுவாள், அப்பா அடிக்கக்கூடாது. தெரியாவிட்டால் பச்சை. ஓங்கில் என்றால் டால்பின்தான். புத்தகத்தில் அந்தப் பெயரைப் பார்த்ததிலிருந்து நான் மட்டும் அப்படிச் சொல்கிறேன். வீட்டில் இன்னும் யாரும் மசியவில்லை.

“கொடியம்மா, இன்னைக்காவது பச்சையைக் காட்டுவியா? இல்ல உன் சொந்தக்காரங்க யாராவது குளிக்க வர்றாங்களா?” என்றார் அப்பா.

“எனக்குச் சொந்தக்காரர் நீங்கதான் அத்தான். உங்களைப் பார்த்தாலே சிவப்பு காட்டணும்னு தோணுது.”

அம்மா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், “பேசியே வயிறு நிறைஞ்சிடுச்சா ரெண்டு பேருக்கும்?” என்றாள்.

பிப்ரவரி 4, புதன்

பார்த்துவிட்டேன்! எங்களுக்குத் தினமும் முதல் பீரியட் நூலகம்தான். கடலைப் பார்த்த ஜன்னல் எப்போதும் என்னுடையது. உள்குடாவில், பள்ளிக்கூடப் படித்துறைக்கு நேர் எதிரே, இரண்டு முதுகுகள். ஒன்று பெரியது, ஒன்று குட்டி. குட்டி பெரியதன் விலாவோடு ஒட்டிக்கொண்டே மேலே வந்து, ஒட்டிக்கொண்டே கீழே போனது. நான் கத்திவிட்டேன். நூலக டீச்சர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டே ஓடி வந்தார், பிறகு அவரே கத்தினார்.

தூரத்தில் அப்பாவின் சின்ன அடி அப்போதுதான் முடிந்து பெரிய அடி தொடங்கியிருந்தது. தினமும் பெரிய அடி விழும் முன் அப்பா ஹேமரைக் கொஞ்சமாகத் தூக்கி மெதுவாக விடுவார். பக்கத்தில் ஏதாவது விலங்கு இருந்தால் விலகிப்போக நேரம் கொடுப்பதற்காக. “அடுத்தவங்க வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி கதவைத் தட்டுற மாதிரி” என்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை. மற்ற ஹேமர்காரர்கள் அவசரமாகத் தட்டுவார்களாம், இவர் ஒருநாளும் அவசரப்பட்டதில்லையாம்.

பிப்ரவரி 6, வெள்ளி

இன்றும் வந்தன. அதே நேரம். மணி அடித்தால் வகுப்புக்கு வருகிற மாதிரி!

பிப்ரவரி 11, புதன்

பள்ளிச் சுவர்ப் பத்திரிகையில் என் கட்டுரை ஒட்டப்பட்டது. தலைப்பு: ‘முதல் பீரியட் விருந்தாளிகள்’. தினமும் காலையில் தாயும் குட்டியும் நம் பள்ளியைப் பார்க்க வருகின்றன, நம் சத்தமும் சிரிப்பும் அவற்றுக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தேன். பத்தாம் வகுப்பு அக்காக்கள்கூட நின்று படித்தார்கள். யாரோ படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்களாம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டில் இதைச் சொல்ல வாய் வரவில்லை. சித்தி இன்று சிவப்புக் கொடி காட்டியிருக்கிறாள். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் பார்த்தால், மிதந்து வந்தது ஒரு மரக்கட்டை. ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். “உன் மச்சினிக்குக் கட்டையைக் கண்டாலும் பாசம் பொங்குதே” என்று அப்பாவிடமே கேட்டார்களாம்.

“சந்தேகம் வந்தா நிறுத்தணும். அதுதான் விதி” என்றாள் சித்தி.

“விதி உனக்கு. ஏச்சு எனக்கு” என்றார் அப்பா. இந்தத் தடவை சிரிக்கவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

அப்பா சித்தியைக் கொடியம்மா என்று கூப்பிடவில்லை. ‘மேடம்’ என்கிறார். அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பிப்ரவரி 16, திங்கள்

ஹேமரில் ஏதோ சங்கிலி மாற்றுகிறார்கள் என்று இன்று தூண் அடிக்கவில்லை. பள்ளிக்கூடமே காது அடைத்தது போல அமைதியாக இருந்தது.

ஓங்கில்கள் வரவில்லை.

தற்செயலாகக்கூட இருக்கலாம். இருக்கலாம்தான். ஆனால் நேற்றும் அதற்கு முன்தினமும் பள்ளிக்கும் ஹேமருக்கும் விடுமுறை. நான் படித்துறையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்? ஒன்றையும் பார்க்கவில்லையே. சத்தமும் சிரிப்பும் பிடிக்கும் என்று எழுதினேனே, எனக்கு யார் சொன்னது?

பிப்ரவரி 17, செவ்வாய்

சங்கிலி மாற்றிவிட்டார்கள். சின்ன அடி தொடங்கியது. நான் புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் குடாவின் வாய்ப்பக்கமிருந்து இரண்டு முதுகுகள், நேராக, வேகமாக. விளையாட்டே இல்லை. குட்டி ஒரு தடவை பின்தங்கியது. தாய் திரும்பி வந்து அதைச் சேர்த்துக்கொண்டு போனது.

சாப்பாட்டு இடைவேளையில் படித்துறைக்குப் போய்க் கடைசிப் படியில் மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டேன். காற்றில் அப்பாவின் ஹேமர் ‘டங்’ என்று, யாரோ தொலைவில் தகரத்தைத் தட்டுகிற மாதிரிதான் கேட்கும். தண்ணீருக்குள் அது காதில் கேட்கவில்லை. மண்டையில் கேட்டது. பல்லில் கேட்டது. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியவில்லை, எல்லாப் பக்கமும் அதுவாக இருந்தது. தாங்க முடியாமல் தலையை வெளியே இழுத்துக்கொண்டேன். என்னால் வெளியே இழுத்துக்கொள்ள முடிந்தது.

நூலகத்துக்குத் தலை சொட்டச் சொட்டப் போனேன். டீச்சர் திட்டினார். காரணத்தைச் சொன்னதும் திட்டுவதை நிறுத்திவிட்டார்.

ஓங்கில்கள் கண்ணைவிடக் காதை நம்பித்தான் வாழ்கின்றன என்று என் புத்தகத்தில் இருக்கிறது. குட்டி எங்கே என்று தாய் தெரிந்துகொள்வதே சத்தத்தால்தான். ஆசையாக அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். அடிக்கோடு போட்டவளுக்கு மூளை எங்கே போனது?

பிப்ரவரி 18, புதன்

காலையில் முதல் வேலையாகச் சுவரிலிருந்து என் கட்டுரையைக் கிழித்தேன்.

சாயங்காலம் சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்துக்கொண்டே கேட்டவள் பாதியில் நிறுத்தி, மேஜையில் சிந்தியிருந்த தண்ணீரில் விரலால் குடாவை வரைந்தாள். வாயில் ஒரு புள்ளி: ஹேமர். “சத்தம் இங்க. அப்போ அதுங்க ஓடறது…” விரல் வெளிக்கடலுக்குப் போகவில்லை, பையின் அடிக்குப் போனது. அங்கேயே நின்றது.

“தினமும் காலைல வட்டத்துக்கு ஓரமா ரெண்டைப் பார்ப்பேன்டி. சின்ன அடி விழுந்ததும் காணாமப் போயிடும். விலகிடுச்சுன்னு எழுதிட்டுப் பச்சை காட்டுவேன். எங்க போச்சுன்னு ஒருநாள்கூடக் கேட்கலையே நான்!”

அப்பா வந்ததும் ‘மேடம்’ எல்லாம் மறந்து ஓடிப்போய்ச் சொன்னாள். சொன்ன விதம் தப்பு. “அத்தான், நீங்க கதவைத் தட்டலை. கதவுல நின்னுக்கிட்டு உள்ள இருக்கறவங்களை மூலைக்குத் துரத்தறீங்க” என்றாள்.

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. “மெதுவா அடின்னு சொன்னது யாரு? உங்க ஆபீஸ். நான் அடிக்கற சின்ன அடியை வேற எவனும் அடிக்கறதில்ல. இப்ப அதுவும் குத்தமா?”

“குத்தம்னு சொல்லலை அத்தான்…”

“நடுவுல நிறுத்துன்னு மட்டும் சொல்லாத. தூண் பாதி இறங்கினப்ப நிறுத்தினா சேறு இறுகிக் கவ்விடும். அப்புறம் எவன் வந்து அடிச்சாலும் அசையாது. வெட்டித்தான் எடுக்கணும். அத்தோட ஹேமர்காரனையும் சேர்த்து எடுத்துடுவாங்க.”

சித்தி என்ஜினியருக்குப் போன் செய்தாள். வட்டத்துக்கு வெளியே எது எங்கே போனாலும் அது நம் கணக்கில் இல்லை, வேண்டுமானால் எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றாராம்.

பிப்ரவரி 19, வியாழன்

வாடகைப் படகுகள் வந்துவிட்டன. ஆட்களை ஏற்றிக்கொண்டு உள்குடாவைச் சுற்றுகின்றன. கட்டுரையைக் கிழித்து என்ன பயன்? படம் எல்லோர் கையிலும் இருக்கிறது.

பிப்ரவரி 20, வெள்ளி

எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் இன்றே எழுதிவிடுகிறேன்.

முதல் பீரியட். தண்ணீர் வடிகிற நேரம். பள்ளிக்கு எதிரே இருக்கும் மணல்திட்டு முதுகைக் காட்டத் தொடங்கியிருந்தது. சின்ன அடி முடிந்து பெரிய அடி விழுந்துகொண்டிருந்தது. தாயும் குட்டியும் வந்தன. அவற்றுக்குப் பின்னாலேயே மூன்று படகுகள். ஆட்கள் எழுந்து நின்று கையைத் தட்டினார்கள். தாய் குடாவின் வாயைப் பார்த்துத் திரும்பியது. ஒரு பெரிய அடி. மறுபடி உள்ளே திரும்பியது. அந்தப் பக்கம் ஒரு படகு. திரும்பியது. அடி. திரும்பியது. படகு. எத்தனை தடவை என்று தெரியாது. எண்ணவில்லை, எண்ண முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் மணல்திட்டுக்குக் கொஞ்சம் கிட்டே வந்தன. கடைசியில் குட்டியின் முதுகு தண்ணீருக்குள் போகவேயில்லை. போக ஆழம் இல்லை.

“டீச்சர், போன்! போன் குடுங்க டீச்சர்!” என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

“சித்தி, குட்டி மணல்ல ஏறுது. தண்ணி வடியுது. அப்பாவை நிறுத்தச் சொல்லு!”

“வட்டத்துக்குள்ளயா, வெளியவா?”

“வெளியதான் சித்தி! உள்குடாவுல! எங்க ஸ்கூலுக்கு முன்னாடி!”

போனில் ஒரு பெரிய அடி கேட்டது. பிறகு, “நீ கண்ணை எடுக்காத” என்று போனை வைத்துவிட்டாள்.

நாங்கள் படித்துறைக்கு ஓடினோம். டீச்சர், நான், வகுப்பு முழுக்க. படகுகளைப் பார்த்து இன்ஜினை நிறுத்தச் சொல்லிக் கத்தினோம். பக்கத்திலிருந்த படகுக்காரர் சிரித்துக்கொண்டே, “உங்க ஸ்கூல்லதானம்மா எழுதிப் போட்டிருந்தாங்க? சத்தம்னா அதுக்கு ரொம்ப இஷ்டம்னு!” என்றார்.

“நான்தான் எழுதினேன்! தப்பா எழுதிட்டேன்! அது பயந்து ஓடி வருது, எங்களைப் பார்க்க வரலை. ஆஃப் பண்ணுங்கண்ணே, ப்ளீஸ்!” என்று அழுதேவிட்டேன். இந்த அழுகையை நான் சேர்க்கவில்லை. உண்மையாகவே அழுதேன்.

டீச்சர் புடவையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். நூலகத்தில் கிசுகிசுப்பைத் தவிர வேறெதையும் அனுமதிக்காத அவரிடம் அப்படி ஒரு குரல் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? “நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!” முதல் படகு நிறுத்தியது. மற்ற இரண்டும் அதைப் பார்த்து நிறுத்தின.

ஆனால் ஹேமர் நிற்கவில்லை. அடி. அடி. பாதித் தூண் இறங்கியிருக்கும். அப்பா நிறுத்த மாட்டார். நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவரே சொன்னாரே. அடி. குட்டி வாலால் மணலை அடித்தது. அடி.

பிறகு அடி விழவில்லை.

அடுத்தது விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. தாய் அசையாமல் கிடந்தது. அதற்கும் நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. பிறகு மெல்லக் குட்டிக்கும் திட்டுக்கும் நடுவில் வந்து, தன் உடம்பால் அதை நெம்பியது. இரண்டாவது நெம்பலில் குட்டி சரிந்து ஆழத்துக்குள் போனது. இரண்டும் ஒட்டிக்கொண்டு, குடாவின் வாயை நோக்கி, முன்பைவிட மெதுவாகப் போயின.

அப்பா இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

பிப்ரவரி 21, சனி

இறங்குதுறையில் நடந்ததைச் சித்தி சொன்னாள்.

போனை வைத்ததும் சிவப்புக் கொடியைத் தூக்கியிருக்கிறாள். என்ஜினியர் ஓடி வந்து, “வட்டத்துக்குள்ள ஒண்ணுமே இல்லையே! இறக்குங்க கொடியை! மறுபடியும் கட்டையா?” என்று கத்தினாராம். ஆட்கள் சிரித்தார்களாம். அவர் அப்பாவைப் பார்த்து, நிறுத்தாதே, அடி என்று கையைக் காட்டினாராம். அப்பா ஹேமர் அறையில் காதை மூடும் கவசத்தோடு இருப்பார், எதைக் கத்தினாலும் கேட்காது. அவருக்குத் தெரிந்தது ஒரு பக்கம் என்ஜினியரின் கை, ஒரு பக்கம் சித்தியின் கொடி. சித்தி கொடியை இறக்கவில்லை. திரும்பி நின்று, உள்குடாவை நோக்கி நீட்டிப் பிடித்தாளாம். அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. இரண்டு மூன்று அடிகள் விழுந்தன. அப்புறம் அப்பா ஹேமரை நிறுத்திவிட்டார்.

தாயும் குட்டியும் இறங்குதுறையை ஒட்டியே வெளிக்கடலுக்குப் போயின. சிரித்தவர்களும் பார்த்தார்கள். என்ஜினியரும் பார்த்தார். பார்த்துவிட்டு, “சரி, அடிங்க” என்றாராம். அடித்தார்கள். தூண் அசையவில்லை. சாயங்காலம் வரை அடித்துப் பார்த்தும் நூலளவுகூட இறங்கவில்லை.

அம்மாதான் கேட்டாள். “என்ஜினியர் அடின்னு சொல்லியும் ஏங்க நிறுத்தினீங்க?”

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, “அன்னைக்குக் கட்டைக்குக் கொடி காட்டினப்ப இவ கை நடுங்கலை. நேத்து நடுங்குச்சு” என்றார்.

சித்தி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

அப்பாவை ஹேமரிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து சாமான் அடுக்கும் யார்டில் இரும்பு இறக்கும் வேலை. அம்மா காலையிலிருந்து தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

சித்தி எழுதிக் கொடுத்ததற்கு மேலேயிருந்து இன்னொரு உத்தரவும் வந்திருக்கிறது. இனி உள்குடாவும் கணக்கில் சேரும். எங்கள் பள்ளி மொட்டை மாடியில் ஒரு ஆள் நின்று பார்க்க வேண்டும். இரண்டு இடத்திலும் பச்சைக் கொடி ஏறினால்தான் சின்ன அடியே தொடங்கலாம். தூண் அடிக்கும் நேரத்தில் வாடகைப் படகுகளுக்கு உள்ளே இடமில்லை. மொட்டை மாடிக்குச் சித்தியைப் போட்டிருக்கிறார்கள்.

நான் துள்ளிக் குதித்துவிட்டேன். அப்புறம்தான் அப்பா அங்கே இருப்பதைப் பார்த்தேன். “குதி, குதி. நல்ல விஷயம்தானே” என்றார். அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்ததும், நான் குதிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

இனி வேலை தாமதமாகும், ஆள் குறைப்பார்கள் என்று பேச்சாம். கடைத்தெருவில் பார்த்த இறங்குதுறை ஆட்கள் இரண்டு பேர் அம்மாவிடம் முகம் கொடுக்கவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

அப்பா இன்று யார்டில் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சித்தி மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க வந்தேன் என்றார். கொடுத்த பிறகும் போகவில்லை. நூலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, டீச்சரிடம், “அந்த ஜன்னல் எதுங்க?” என்று கேட்டார்.

நான் எழுந்து இடம் கொடுத்தேன். அவர் உட்காரவில்லை. ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூரத்தில் அவருடைய ஹேமர் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், வெட்டி எடுக்கக் காத்திருக்கும் அந்தத் தூண், மற்றவற்றைவிட உயரமாக. “ஒரு வருஷமா அங்க உட்கார்ந்திருக்கேன். இந்தப் பக்கத்துலேருந்து பார்த்ததேயில்ல” என்றார்.

அவர் வந்தபோது உள்குடா காலியாக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தாயையும் குட்டியையும் நான் பார்க்கவில்லை. நன்றாக இருக்கின்றன என்று எழுத ஆசைதான். எனக்குத் தெரியாது.

பீரியட் முடியப்போகும்வரை மொட்டை மாடியில் சிவப்புத்தான். வாய்ப்பக்கத்திலிருந்து வேறு நான்கைந்து ஓங்கில்கள் உள்ளே வந்து இரை தேடிவிட்டு, தாமாகவே வெளியே போகும்வரை ஒரு அடியும் விழவில்லை. அப்பா அத்தனை நேரமும் நின்றார். அப்புறம் சித்தி பச்சை காட்டியிருக்க வேண்டும். புது ஆளின் சின்ன அடி தொடங்கியது. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். “அவசரப்படறான். இன்னும் கொஞ்சம் விட்டு விட்டு அடிக்கணும்.”

பிறகு முதல் பெரிய அடி. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. நாங்கள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, எங்களுக்குப் பழக்கம். அப்பா மட்டும் விளிம்பிலிருந்து கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

“இங்க வரைக்குமா?”

“ஆமாப்பா. தினமும்.”

இன்னொரு அடி. அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதுக்குள்ள தலையை விட்டுப் பார்த்தியாமே. எப்படி இருந்துச்சு?”

நான் சொல்லத் தொடங்கினேன். மண்டையில் கேட்டது, பல்லில் கேட்டது என்று சொல்வதற்குள் அடுத்த அடி விழுந்தது. அப்பா என் தோளில் கையை வைத்து, போதும் என்பது போல அழுத்தினார். அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.

இப்போது வீட்டில் அம்மா மெஷினை மூடிவிட்டாள். சித்தி தூங்கியாயிற்று. அப்பா விளக்கை அணைக்க வந்துவிட்டார்.